‘எளக்காரமா?’ என்று கேட்பது யார்

காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ். ஒரு ஸ்டாப்பில் ஏழெட்டுப் பெண்கள் கை காட்டிக்கொண்டு நின்றார்கள். வண்டி அவர்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உருண்டு போய்த்தான் நின்றது. ஓடி வந்து ஏறினார்கள். கடைசியாக ஏறியவர் ஒரு ஆயா. கூடையைப் படியில் வைத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கக் கண்டக்டரைக் கேட்டார்: “ஏம்பா, ஓசி டிக்கெட்டுன்னா உனுக்கு அவ்ளோ எளக்காரமா பூட்ச்சா?”

கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி விசில் ஊதினார்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்று 2021 மே மாதம் ஆனதிலிருந்து, கொஞ்சம் கூடக் குறைய இதே வாக்கியத்தை வேலூர்ப் பக்கம் பலமுறை கேட்டுவிட்டேன். ஆயா ‘திமிரா’ என்று கேட்டிருக்கலாம். ‘அலட்சியமா’ என்றும் கேட்டிருக்கலாம். இரண்டும் அவருக்குத் தெரிந்த சொற்கள்தான். ஆனாலும் நாக்கில் வந்தது எளக்காரம். மற்றவரைத் தாழ்வாகப் பார்க்கிற மனசைச் சொல்லத் தமிழில் ஒரு கூடை நிறையச் சொற்கள் உண்டு. அவற்றில் ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றை வைத்தால் பொருள் கோணிக்கொள்ளும்.

எழுத்தில் இளக்காரம், வாயில் எளக்காரம். இலை எலையாவது போல, இடம் எடமாவது போல. இளகு, இளக்கு, இளைத்தவன், இளப்பம் எல்லாம் அதற்குப் பக்கத்து வீட்டுச் சொற்கள். அத்தனையிலும் பொதுவாக இருப்பது கெட்டித்தன்மை இல்லாமை. வெல்லம் இளகும், இரும்பு இளகும், மனசும் இளகும். எங்கள் பாட்டி இந்தச் சொல்லை இன்னொரு விதமாகவும் சொல்வார்: “புள்ளைக்கு ரொம்ப எளக்காரம் குடுக்காத, தலைமேல ஏறிக்கும்.” அங்கே அது செல்லம், பிடியைத் தளர விடுவது. பிடி தளர்ந்த இடத்தைப் பார்த்து எதிராளி ஏறிக்கொள்வதும் அதே சொல்தான். ஒருவர் விட்டுக்கொடுத்தது, இன்னொருவர் அழுத்திப் பார்த்தது, இரண்டையும் ஒரே சொல் சுமந்திருக்கிறது. மாம்பழக் கடையில் கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார்களே, அந்த அமுக்கல்தான் இளக்காரம். இது அமுங்கும் என்று தெரிந்துதான் விரல் போகிறது. கொடுப்பது என்ற பழைய பொருள் இப்போது அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பேச்சில்தான் காதில் விழுகிறது.

இந்தச் சொல் வாக்கியத்தில் உட்காரும் விதம் வேடிக்கையானது. பெரும்பாலும் கேள்வியாகத்தான் வரும். ‘இன்னதுன்னா எளக்காரமா?’ என்று ஓர் அச்சு இருக்கிறது. அந்த ‘இன்னது’ என்ற இடம் காலி. யார் எதைப் போட்டு நிரப்புகிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டே வந்தால் அந்த ஊரின் மேடுபள்ளம் பூராவும் கிடைத்துவிடும். ஏழைன்னா எளக்காரமா. பொம்பளன்னா எளக்காரமா. கிராமத்தான்னா எளக்காரமா. தமிழ் மீடியம்னா, கவர்மெண்ட் ஸ்கூலுன்னா. பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் ‘பீடி சுத்தறவன்னா எளக்காரமா’ என்பார்கள். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்துவிட்டு அதே உடையோடு பஸ் ஏறுகிறவர், பக்கத்து ஸீட்டுக்காரர் மூக்கைத் திருப்பும்போது இந்தக் கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொள்வார். அந்தத் தோல்தான் ஷூவாகக் கப்பல் ஏறிப் போகிறது, அது வேறு விஷயம். ‘கலெக்டர்னா எளக்காரமா’ என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. விளையாட்டுக்குச் சொன்னால் உண்டு.

இதே காரணத்தால் இந்தச் சொல் தன்மையில் நிற்காது. ‘நான் அவனை எளக்காரமாப் பாக்கறேன்’ என்று நிகழ்காலத்தில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இறந்த காலத்தில் வரும், அதுவும் ஒரு ‘கூட’வைத் துணைக்கு அழைத்துக்கொண்டு: “நான்கூட அவன எளக்காரமா நெனச்சிட்டேன்பா.” தப்பு என்று தெரிந்த பிறகுதான் வாய் ஒப்புக்கொள்கிறது. அனுபவித்தவர் பக்கமும் அது ஒட்டாது. அவமானப்பட்டேன் என்போம், வருத்தப்பட்டேன் என்போம். இளக்காரப்பட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. செய்தவரும் தன்னுடையது என்று சொல்ல மாட்டார், பட்டவரும் தன்மேல் ஏற்றிக்கொள்ள மாட்டார். எதிரே இருப்பவரின் முகத்தை நோக்கி வீசுவதற்கு மட்டுமே உள்ள சொல்.

திமிர் அப்படியில்லை. அது எதிர்த்திசையில் ஓடும். முதலாளி வேலையாளைச் சொல்வது, மாமியார் மருமகளைச் சொல்வது, வாத்தியார் பையனைச் சொல்வது: “எவ்ளோ திமிரு இருந்தா எதிர்த்துப் பேசுவ?” கீழே இருக்க வேண்டியவர் நிமிர்ந்தால் திமிர், மேலே இருக்கிறவர் தாழ்வாகப் பார்த்தால் இளக்காரம். ஒரே சண்டையில் இரண்டு சொல்லும் வந்தால், வாசலுக்கு வெளியே நின்று கேட்கிற நமக்கு யார் முதலாளி, யார் வேலையாள் என்று முகம் பார்க்காமலே தெரிந்துவிடும். திமிர் என்றால் மரத்துப்போதல் என்றும் ஒரு பொருள் உண்டு. உணர்ச்சி இல்லாத காலுக்கும் பயம் இல்லாத ஆளுக்கும் ஒரே பெயர். கொழுப்பு, மண்டைக்கனம், தலைக்கனம் எல்லாம் இதே வரிசை. உடம்பில் ஏதோ கூடிப்போனது போலப் பேசுவது.

இன்னொன்று கவனியுங்கள். திமிர் பிழைத்துக்கொண்டது. பாரதியார் புதுமைப் பெண்ணுக்கு ‘திமிர்ந்த ஞானச் செருக்கு’ என்று எழுதினார். அங்கே திமிரும் சரி, செருக்கும் சரி, இரண்டும் பாராட்டு. இன்றைக்கு ஆட்டோ முதுகில் திமிரு என்று எழுதிக்கொள்கிறார்கள். ‘ஆமா, எனுக்குத் திமிருதான், இன்னா இப்ப’ என்று மார் தட்டிச் சொல்லலாம். தெனாவட்டும் பாதிக்கு மேல் பாராட்டாகிவிட்டது. கெத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இளக்காரத்துக்கு மட்டும் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதை எந்த ஆட்டோவும் எழுதிக்கொள்ளாது. என்னைக் கேட்டால், அப்படியே இருக்கட்டும்.

இந்தக் கூட்டத்துச் சொற்களை உடம்பில் எங்கே குடியிருக்கின்றன என்று பார்த்துப் பிரிப்பது எனக்குப் பிடித்த வேலை. தெனாவட்டு நிற்கிற விதத்தில் இருக்கும்: ஒரு கால் மடக்கி, ஒரு கை இடுப்பில். எகத்தாளம் நாக்கில். இது ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் எகதாளி என்று உலாவுகிறது. தெலுங்கில் அதற்குக் கேலி என்று பொருள். 1911 வரை சித்தூரும் வட ஆற்காட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது, அதுவே தலைநகரமும்கூட. குடியாத்தம் சந்தையில் பாதி பேரம் தெலுங்கில் நடப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த உறவு ஆச்சரியமாக இருக்காது. எகத்தாளத்துக்குப் பதில் எகத்தாளம் பேசலாம். அது இரண்டு பேர் ஆடும் ஆட்டம்.

தௌலத்து உடையிலும் வண்டியிலும் இருக்கும். உருதுவில் தௌலத் என்றால் செல்வம். ஆம்பூர், வாணியம்பாடி என்று உருது பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கிற சீமையில், நாஷ்டாவும் தபாவும் பேஜாரும் தமிழுக்குள் வந்து குந்திக்கொண்டது போலத் தௌலத்தும் குந்திக்கொண்டது. ஆனால் வரும் வழியில் செல்வம் உதிர்ந்துபோய்ச் செல்வம் இருப்பதாகக் காட்டிக்கொள்வது மட்டும் மிஞ்சிவிட்டது. “இன்னா தௌலத்தா வர்றான் பாரு” என்றால் அவனிடம் காசு இருக்கிறது என்று பொருள் இல்லை. ‘பெரிய ஆற்காட்டு நவாபு’ என்ற கிண்டலும் இதே ரகம். நவாப் முகமது அலி வாலாஜா கடனில் மூழ்கிக் கிடந்தவர். 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் போனதும் கம்பெனிக்காரன் பட்டத்தையே எடுத்துவிட்டான். ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மட்டும் நிற்கிறது. பின்னால் கோட்டை இல்லாத வாசல். தௌலத்து என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இளக்காரம் குடியிருப்பது கண்ணில். ‘எளக்காரமாப் பேசறான்’ என்பதைவிட ‘எளக்காரமாப் பாக்கறான்’ என்பதுதான் அதிகம். பேச்சில் இருந்தாலும் சொல்லில் இருக்காது, சொல்லுக்கு முன்னால் விடும் இடைவெளியில் இருக்கும். அதனால்தான் அதைப் பற்றிப் புகார் எழுதுவது கடினம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ஆம் ஆண்டுச் சட்டம். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் அது குற்றம் என்கிறது. அதே 1989-ல்தான் வட ஆற்காடு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, வேலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் 1990-களிலேயே போய்விட்டது, பிறகு 2019-ல் வேலூர் மாவட்டமே மூன்றாகிவிட்டது. சொன்ன சொல்லைச் சாட்சி வைத்து எழுதலாம். டம்ளரை நீட்டாமல் மேசையில் வைத்துத் தள்ளியதையும், தள்ளும்போது பார்த்த பார்வையையும் எந்த வரியில் எழுதுவது? அந்த இடத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கையில் இருப்பது ஒரு சொல்தான். ‘எளக்காரமா?’ என்று சத்தமாகக் கேட்டுவிட்டால், அதுவரை இரண்டு பேருக்குள் இருந்த பார்வை கடையில் இருக்கிற பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும்.

பழைய இலக்கணக்காரர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். மனசில் உள்ளது உடம்பில் தெரிவதைத்தான் மெய்ப்பாடு என்பார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை எதிலிருந்து பிறக்கிறது என்று சொல்லும்போது முதலில் வைப்பது எள்ளல். இளமை, பேதைமை, மடன் மூன்றும் அதற்குப் பின்னால்தான். தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவது என்று அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார் உரையெழுதிய பேராசிரியர். இரண்டாவது வகை நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: ஆபீஸில் மேலாளர் நம்மை மட்டம் தட்டும்போது நாமும் சேர்ந்து சிரிக்கிறோமே, அது. இது தவிர இளிவரல், அதாவது தாழ்ந்துபோன உணர்ச்சி, என்று ஒரு தனி மெய்ப்பாடே இருக்கிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை நான்கும் அதற்குக் காரணம். மென்மை! இளகியது, அழுத்தினால் அமுங்குவது. பஸ்ஸில் ஆயா சொன்ன சொல்லுக்கும் இந்தப் பட்டியலுக்கும் நடுவே எத்தனையோ நூற்றாண்டு இருந்தாலும் உள்ளே இருக்கும் படம் ஒன்றுதான். ‘இல்லாரை எல்லாரும் எள்ளுவர்’ என்று குறள் 752 சொல்வதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். திருவள்ளுவர் அதைத் திட்டவும் இல்லை, வருந்தவும் இல்லை; வானம் நீலம் என்பது போலச் சொல்லிவிட்டுப் போகிறார்.

இனி அலட்சியம். இதைத்தான் இளக்காரத்தோடு அதிகம் குழப்பிக்கொள்கிறோம். லட்சியம் என்றால் குறி. குறி வைக்காதது அலட்சியம். கண்ணில் படவே இல்லை, அல்லது பட்டும் கணக்கில் வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் கையில் இந்தச் சொல் கவனக்குறைவாகத் தேய்ந்துவிட்டது: டிரைவரின் அலட்சியம், அதிகாரிகளின் அலட்சியம். (போலீஸ்காரர்கள் இன்னும் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்றுதான் எழுதுகிறார்கள். அவர்கள் தமிழ் அவர்களுக்கு.) தேய்ந்தாலும் மூலம் போகவில்லை. அலட்சியத்தில் பார்வை இல்லை; இளக்காரத்தில் பார்வை இருக்கிறது. பார்த்து, எடை போட்டு, இவ்வளவுதான் என்று முடிவு கட்டிய பிறகு வருவது அது.

இந்த வித்தியாசத்தை வேலூர்க் கோட்டையைவிட நன்றாக விளக்குகிற இடம் எனக்குத் தெரியாது. 1805 கடைசியிலும் 1806 தொடக்கத்திலும் சென்னை ராணுவத்துச் சிப்பாய்களுக்குப் புது விதிகள் வந்தன. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புது மாதிரித் தலைப்பாகை கட்ட வேண்டும். அது எந்த மிருகத்தின் தோல் என்று இந்துவுக்கும் பயம், முஸ்லிமுக்கும் பயம். மாட்டேன் என்றவர்களுக்குச் சாட்டையடி. படைத்தலைவர் கிரடாக், கவர்னர் பெண்டிங்க், இவர்கள் செய்தது அலட்சியம். நெற்றியில் இருப்பது என்ன, தலையில் வைக்கச் சொல்வது என்ன என்று அவர்கள் பார்க்கவே இல்லை.

1806 வேலூர்ச் சிப்பாய்க் கலகத்துக்குச் சில வாரம் முன்னால் நடந்தது வேறு. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கோட்டைக்குள் சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னான். அந்த அதிகாரி விஷயத்தை இந்திய அதிகாரிகளிடம் விட்டு விசாரிக்கச் சொன்னார். அவர்களிலேயே சதியில் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். இவனுக்குப் பைத்தியம் என்று அவர்கள் சொல்ல, மேலே இருந்தவர்களும் சரி என்று நம்பி அவனைக் காவலில் வைத்துவிட்டார்கள். இங்கே பார்வை இருந்தது. காதும் இருந்தது. செய்தி முழுசாகக் காதில் விழுந்தது. சொன்ன ஆளை எடை போட்டதில்தான் பிசகு. ஒரு சாதாரணச் சிப்பாய், கறுப்பன், இவன் சொல்லி நாம் ராத்தூக்கம் கெடுவதா என்ற நினைப்பு. சதிகாரர்களுக்கு அந்த நினைப்பு அவர்களிடம் இருக்கும் என்று தெரிந்திருந்தது. அதன்மேல்தான் ‘பைத்தியம்’ என்ற சொல்லைத் தூக்கி வைத்தார்கள். ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து கோட்டையைப் பிடிப்பதற்குள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலர் செத்துப்போனார்கள். பிடித்த பிறகு இந்தியச் சிப்பாய்கள் அதைவிடப் பல மடங்கு. தலைப்பாகை உத்தரவு வாபஸ் ஆனது. 1807-ல் கிரடாக்கையும் பெண்டிங்க்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

மேடைப் பேச்சுகளில் இது எல்லாவற்றுக்கும் சேர்த்து அலட்சியம் என்று ஒரே முத்திரை குத்திவிடுகிறார்கள். தலைப்பாகைக்கு அது பொருந்தும். முஸ்தபா பேக்குக்கு நடந்ததற்கு இளக்காரம் என்ற சொல்லைத்தான் போட வேண்டும். எழுத்துத் தமிழுக்கு அந்தச் சொல் கொஞ்சம் கொச்சையாகத் தோன்றுகிறதோ என்னவோ, தவிர்த்துவிட்டு இறுமாப்பு, ஆணவம் என்று கனமான பாத்திரங்களை எடுக்கிறார்கள். இறுமாப்பு தனியாக ஓர் அறையில் உட்கார்ந்துகூட இருக்கலாம், எதிரே ஆள் வேண்டாம். இளக்காரத்துக்கு எதிரே ஒருவர் நின்றாக வேண்டும்.

எதிரே நிற்பவர் சும்மா இருக்கிறாரா என்பது ஆளைப் பொறுத்தது. நேதாஜி மார்க்கெட்டில் ஒரு நாள் முள்ளுக் கத்திரிக்காய் வாங்கப் போன அம்மா ஒருவர், காயை இரண்டு விரலால் தூக்கி, அழுக்குத் துணியைப் பிடித்தது போலத் திருப்பிப் பார்த்து, விலையைக் கேட்டதும் கீழே போட்டார். கூறு வைத்திருந்த பெண் நிமிரவே இல்லை. “எளக்காரமாப் பாக்காதம்மா. இது இலவம்பாடிக் காய். கவர்மெண்டே சர்ட்டிபிகேட் குடுத்துக்கீது.” 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைத்தான் சொன்னார். வாங்க வந்த அம்மா கால் கிலோ கேட்டார். அரைக் கிலோவுக்குக் குறையாது என்று பதில் வந்தது.

‘எளக்காரமா?’ என்ற கேள்விக்கு ஆமாம் என்ற பதிலே கிடையாது. ‘ஐயையோ, அப்டிலாம் இல்லம்மா’ என்பார்கள், அல்லது பேச்சை மாற்றுவார்கள், அல்லது விசில் ஊதுவார்கள். அன்றைக்குப் பஸ்ஸில் கண்டக்டர் விசிலோடு நிறுத்தவில்லை. கோட்டை தாண்டியதும் பின்னால் வந்தார். பூஜ்யம் போட்ட டிக்கெட்டைக் கிழித்து ஆயாவிடம் நீட்டிவிட்டு, படியில் இருந்த கூடையைத் தூக்கி ஸீட்டுக்கு அடியில் தள்ளினார்.

“குந்து ஆயா. தௌலத்தாக் குந்து.”

ஆயா டிக்கெட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார். “அடுத்த தபா ஸ்டாப்புலியே நிறுத்து,” என்றார்.